பின்சக்கரத்துக் காற்று

பழைய ராணுவ விமானத்தளத்தின் வாசலில், பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு பலகை நிற்கும். மஞ்சள் பெயிண்ட் அடித்து, கறுப்பில் எழுதியது. "மெதுவாகப் போங்கள். ரோண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள்." காலையில் அதை வண்டியிலிருந்து இறக்கி நடுவதும், மாலையில் பிடுங்கி மண்ணைத் துடைத்துத் திரும்ப ஏற்றுவதும் ரோண்டாவின் புருஷன் டெல்மர் நோவாக்கின் வேலை. மனிதருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று கிளப்காரர்கள் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள் ஒன்று கூடி யோசித்தால் இப்படித்தான் ஏதாவது செய்து வைப்பார்கள்.

அந்தப் பலகையில் இருப்பது பொய் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அதை நடுகிறவருக்கு.

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் எங்கள் பக்கத்து ஊர்களில் டெல்மரைத் தெரியாதவர்கள் குறைவு. ஹால்டன் ரயில் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேகன்களுக்கு பிரேக் பார்த்தவர். சோளம் ஏற்றிப் போகும் வேகன் ஒவ்வொன்றின் அடியிலும் புகுந்து, ஒவ்வொரு பிரேக் கட்டையையும் தட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு சீட்டில் டி.என். என்று எழுதிக் கட்டித் தொங்கவிடுவார். அந்த இரண்டு எழுத்து இருந்தால் மறுபேச்சு கிடையாது. ஒரு தடவை, பனி கொட்டிக்கொண்டிருந்த நாளில், ஃபோர்மேன் அவசரப்பட்டு பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். டெல்மர் பேனாவை அவர் கையிலேயே கொடுத்து, அப்படியானால் உங்கள் பெயரை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வேகனுக்கு அடியில் படுத்துவிட்டார். இந்தக் கதையைப் பட்டறையில் சேருகிற புது ஆளுக்கெல்லாம் சொல்வார்கள்.

நாற்பத்து மூன்று வயது வரை அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் தேவாலயத்து மீன் விருந்துக்குப் போய் வரிசையில் நின்றவர், பொரித்ததா சுட்டதா என்று முடிவு செய்ய முடியாமல் தட்டோடு விழித்துக்கொண்டிருந்தார். கரண்டியும் கையுமாக எதிரே நின்ற ரோண்டா, பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், நீ என்ன மீனைப் பெண் பார்க்கவா வந்தாய் என்று கேட்டு, இரண்டையும் தட்டில் போட்டு அனுப்பினாள். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை அவளுக்கு. முதல் புருஷன் விட்டுப்போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. டிராவிஸ் என்று பதின்மூன்று வயதில் ஒரு மகன். அடுத்த தவக்காலம் வருவதற்குள் டெல்மர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் குடிபோய்விட்டார்.

கார் வந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து. மூன்று கதவு வைத்த, பதினேழு வருடப் பழைய சின்ன ஜப்பான் கார். ஆலங்கட்டி மழையில் உச்சி முதல் மூக்கு வரை குழி விழுந்து கிடந்ததால் ஒரு மெத்தை விலைக்குக் கிடைத்தது. ரோண்டா வேலைக்குப் போய்வர என்றுதான் வாங்கினார்கள். அதன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வைத்த பெயர் தழும்பி. பட்டறையில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா வேடிக்கை பார்க்கலாம் என்று இருவரும் விமானத்தளத்துக்குப் போனார்கள்.

அங்கே நடப்பது பெரிய பந்தயம் ஒன்றுமில்லை. வெடிப்பு விட்ட கான்கிரீட் தரையில் இருநூறு ஆரஞ்சு கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார். கடிகாரம்தான் எதிராளி. கோன் ஒன்றைத் தட்டினால் இரண்டு வினாடி தண்டம். பாதி நாள் கார் ஓட்ட வேண்டும், மீதிப் பாதி நாள் வெயிலில் நின்று, மற்றவர்கள் தட்டிவிட்ட கோன்களை ஓடி ஓடி எடுத்து நிறுத்த வேண்டும். பல் வைத்தியரும் வருவார், பன்றிப் பண்ணைக்காரரும் வருவார். அன்றைக்கு ரோண்டா பதினொரு கோன்களைச் சாய்த்துக் கடைசி இடத்தில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியவள் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். டெல்மர் பயந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார். "இன்னொரு தடவ போகணும் டெல்," என்றாள்.

அன்றிலிருந்து தழும்பிக்கு நல்ல காலம். டெல்மர் அதைத் தயார் செய்த விதத்தில் காசைவிடப் பொறுமைதான் அதிகம் செலவானது. முன்சக்கரம் இழுக்கிற சின்னக் காருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு சக்கரங்கள்தான் என்பதால், வளைவில் வேகமாகத் திருப்பினால் மூக்கு பேச்சைக் கேட்காது, நேராகவே ஓடப் பார்க்கும். அதற்கு ஒரே மருந்து, பின்பக்கத்தின் பிடியைக் குறைத்து வாலை ஆட விடுவது. டெல்மர் காயலான் கடையில் மூன்று சனிக்கிழமை தேடி, இதே காரின் கனமான அண்ணனிலிருந்து பின் அச்சுக்கான தடித்த இரும்புத் தண்டு ஒன்றைக் கழற்றி வந்தார். மீன்பிடி நரம்பைக் காரின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, பின்சக்கரங்களின் மூக்கை மயிரிழை அளவு வெளியே பார்க்கத் திருப்பினார். காசுக்காரர்கள் ஒரு சீசன் ஓட்டிவிட்டு ஒதுக்கிய டயர்களை வாங்கி மாட்டினார். டயரின் தோளில் வெள்ளை ஷூ பாலிஷ் தடவி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அது எதுவரை தேய்ந்திருக்கிறது என்று முட்டி போட்டுப் பார்த்தார். கதவில் எண்பத்து நான்கு என்று நம்பர் எழுதுவதும் அதே பாலிஷில்தான்.

கடைசி வித்தைக்குச் செலவே இல்லை. காற்று. ரோட்டில் பின்டயருக்கு முப்பத்திரண்டு பவுண்டு காற்று போதும். பந்தயத்துக்கு அதை நாற்பத்தெட்டுக்கு ஏற்றுவார்கள். டயர் கல்லாகிவிடும். வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தாலே போதும், வால் சட்டென்று வெளியே வீசும். கோன்களுக்கு நடுவே ரோண்டாவுக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. எங்கே காலை எடுக்க வேண்டும், எங்கே எடுக்கவே கூடாது என்பதை அவள் உடம்பு தெரிந்துவைத்திருந்தது. மூன்றாம் வருடத்திலேயே டெல்மரை இரண்டு வினாடி வித்தியாசத்தில் தோற்கடித்தாள். காரைப் பிரித்து மாட்டுவது நான், கோப்பை வாங்குவது இவளா என்று டெல்மர் ஊர் முழுக்கப் புலம்புவார். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

ஆனால் அதே காற்றோடு ரோட்டில் போகக் கூடாது. ஈர ரோட்டில் அது எமன். பந்தயம் முடிந்ததும் பின்டயர்களை முப்பத்திரண்டுக்கு இறக்கிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அது டெல்மரின் வேலை. நோட்டு எழுதுவது ரோண்டாவின் வேலை. சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி எந்த ஓட்டத்தில் எவ்வளவு காற்று, எத்தனை வினாடி, எத்தனை கோன் என்று எழுதிவைப்பாள். பக்கத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: வீட்டுக்கு, 32. கிளம்பும் முன் காற்றை இறக்கியாச்சா என்று கேட்பாள், அவர் இறக்கியாச்சு என்பார், அவள் அந்த வரியில் ஒரு டிக் போடுவாள். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை.

இதெல்லாம் டிராவிஸுக்குப் பிடிக்கவில்லை. அவன் வளர்ந்து, கல்யாணமாகி, விதைக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பயந்த சுபாவம், அம்மா மேல் உயிர். ஒரு முறை அவள் வேகமாக ஓட்டியதற்காக போலீஸ்காரர் சீட்டு கிழித்துக் கொடுத்ததிலிருந்து, பார்க்கும்போதெல்லாம் ஐம்பத்து நாலு வயதில் இது தேவையா என்று ஆரம்பித்துவிடுவான். ரோண்டா அவன் கன்னத்தைத் தட்டி, கிழவியானதும் விட்டுவிடுகிறேன் என்பாள்.

போன வருடம் செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு. கடைசி ஓட்டத்தில் ரோண்டா நாற்பத்தோரு வினாடியில் வந்தாள், கோன் ஒன்றும் விழவில்லை, அவளுடைய பிரிவில் முதலிடம். ஆச்சரியம் என்னவென்றால் டெல்மரும் தன் வாழ்நாளிலேயே நல்ல நேரம் எடுத்திருந்தார். நேரம் எழுதிய தாளை கிளப் தலைவர் ஹார்லன் பெக்கின் லாரிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். பள்ளிக்கூட பஸ்களை முப்பது வருடம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரிய தொப்பைக்காரர் ஹார்லன். அவருடைய ஃபிளாஸ்கிலிருந்து சூடான காபி ஒரு காகிதக் கோப்பை நிறைய வாங்கிக்கொண்டு, கடைசி வளைவில் தான் எப்படித் திருப்பினேன் என்பதை டெல்மர் நாலைந்து பேருக்கு இரண்டாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கூட்டமாக நின்று கேட்கிறார்கள் என்பது அவருக்கு அபூர்வம்.

ரோண்டாவுக்கு நாலரை மணிக்கு இல்லத்தில் ராச்சாப்பாட்டு வேலை இருந்தது. டெல்மர் அன்றைக்குக் கோன் பொறுக்கும் குழுவில் இருந்ததால், பின்னால் ஹார்லனோடு வருவதாக ஏற்பாடு. மேற்கே வானம் கறுத்திருந்தது. அவள் காரை ஓட்டிக்கொண்டு வந்து, அவர்கள் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"டெல், காத்த எறக்கிட்டியா?"

"மேனேஜரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் நேரா நில்லுங்க," என்றார் ஹார்லன். எல்லோரும் சிரித்தார்கள். ரோண்டாவும் சிரித்தாள்.

காற்று பார்க்கும் கேஜ் கருவிப் பெட்டியில் இருந்தது. பெட்டி இருபதடி தள்ளி, மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில். டெல்மர் கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

"எறக்கியாச்சு. நீ கெளம்பு, மழை வருது."

ஸ்டியரிங்குக்கு மேலே கிடந்த நோட்டை எடுத்து டிக் போட்டாள். அடுப்பில் சூப் இருக்கிறது, எட்டு மணிக்கு வந்துவிடுவேன், சூடு பண்ணி வை என்று சொல்லிவிட்டுப் போனாள். கார் வாசலைத் தாண்டுவதை டெல்மர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கத்திக் கூப்பிட்டிருக்கலாம். முப்பத்தெட்டு மைல்தானே, எல்லாம் நேர் ரோடு, ஒரே ஒரு வளைவு, அதுவும் அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்த வளைவு என்று நினைத்தார். இன்னொரு மடக்கு குடித்தார். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது.

ஐந்து மணிக்கு, மழை தூறலாகத் தேய்ந்த பிறகு, ஹார்லனின் லாரியில் கோன்களோடு திரும்பினார்கள். தானியக் கிடங்கைத் தாண்டிய வளைவில் போலீஸ் விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. மதகுச் சுவரில் கதவுப் பக்கமாக ஒரு சின்னக் கார் மடங்கிக் கிடந்தது. மறுபக்கத்துக் கதவில் வெள்ளை ஷூ பாலிஷ் மழையில் கரைந்து வழிந்திருந்தது. எட்டு மட்டும் தெரிந்தது. டெல்மர் ஓடுகிற லாரியின் கதவைத் திறந்துவிட்டார், ஹார்லன்தான் பிடித்து இழுத்தார்.

அவள் உயிர் அங்கேயே போயிருந்தது. ஈரமான சாலை, நிலைமைக்கு மீறிய வேகம் என்று போலீஸ் எழுதிக்கொண்டார்கள். நாற்பத்தைந்து மைல் வேகத்தில்தான் போயிருக்கிறாள். எங்கள் ஊரில் பாதிரியாரே அந்த வளைவில் ஐம்பதில் போவார். டெல்மருக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பத்திரண்டு என்று நம்பி ஓட்டுகிறவள், ஈர வளைவைப் பார்த்ததும் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்வாள், காலை எடுப்பாள். நாற்பத்தெட்டு என்று தெரிந்திருந்தால் ஒருநாளும் எடுத்திருக்க மாட்டாள்.

நாலாம் நாள், காரில் இருந்த அவளுடைய சாமான்களை எடுத்துப் போகச் சொல்லி, விபத்து வண்டிகளை நிறுத்தும் கொட்டகையிலிருந்து அழைப்பு வந்தது. போகும்போது டெல்மர் சட்டைப் பையில் கேஜைப் போட்டுக்கொண்டார். தழும்பியின் பின்சக்கரம் இரண்டும் முழுசாக இருந்தன. டயர் குளிர்ந்ததில் இரண்டு குறைந்து நாற்பத்தாறு. அடுத்ததில் நாற்பத்தாறு. பிறகு வால்வில் நகத்தை வைத்து அழுத்தினார். ஏன் செய்தார் என்று இன்றுவரை அவருக்கே சொல்லத் தெரியாது. மறைக்கத்தான் செய்தார் என்று நான் சொல்வேன், வேலையை முடிக்காமல் விட்டுவிட்டுப் போக அந்தக் கைகளுக்குத் தெரியாது என்றும் சொல்வேன். இரண்டு சக்கரத்திலும் முள் முப்பத்திரண்டுக்கு வரும்வரை சீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நினைத்து, கொட்டகைக்காரர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனார். நோட்டு இருக்கைக்கு அடியில் கிடந்தது. கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், டிக்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் கசகசா வைத்த கோலாச் என்ற இனிப்பு ரொட்டியும் பரிமாறினார்கள். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டிராவிஸ், வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். நான் படித்துப் படித்துச் சொன்னேன், அம்மா கேட்கவில்லை, பந்தய புத்தியை ரோட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆமாம், ஆக்ஸிலேட்டரில் அவளுக்குக் கொஞ்சம் கால் கனம்தான் என்று ஊரும் தலையாட்டியது. டெல்மர் ஆறடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோண்டா சிரிக்கிற படத்தைக் கல்லறைக் கல்லில் பதிக்கலாமா என்று கிளப்பிலிருந்து கேட்டார்கள். அவளைக் கொன்றதன் படம் அவள் தலைமாட்டில் வேண்டாம் என்றான் டிராவிஸ். அப்போதும் திறக்கவில்லை.

இதைவிடக் கொடுமை, டிராவிஸ் டெல்மரிடம் நடந்துகொண்ட விதம். வாராவாரம் சனிக்கிழமை வந்து வீட்டைச் சுற்றிப் புல் வெட்டுவான். மனைவி சுட்டுக் கொடுத்த இறைச்சிப் பணியாரத்தைக் குளிர்பெட்டியில் வைப்பான். கிளம்பும் முன் தோளில் கை வைத்து, உங்களையும் அவள் இப்படித் தனியாக விட்டுவிட்டாளே என்பான். செத்தவள் மேல் கோபம், உயிரோடு இருப்பவர் மேல் இரக்கம். டெல்மருக்கு உலகத்தில் மிச்சமிருந்த சொந்தம் அவன் ஒருவன்தான். வாயைத் திறந்தால் அவனும் போவான். திறக்காவிட்டால் ரோண்டாவின் பெயர் இப்படியே கிடக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாசலுக்கு வருவார். புல்வெட்டியின் சத்தம் நின்றதும், குடிக்க எலுமிச்சை ஜூஸ் வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்.

பட்டறையில் அவரால் சீட்டில் எழுத முடியாமல் போயிற்று. ஒரே வேகனை மூன்று தடவை பார்ப்பார். பேனாவை எடுப்பார், வைப்பார், திரும்பவும் அடியில் புகுவார். வேகன்கள் தேங்கின. ஃபோர்மேன் நல்ல மாதிரி. ஒரு நாள் டெல்மரைத் தனியாகக் கூப்பிட்டு, சாமான் அறையில் கொஞ்ச நாள் உட்காரச் சொன்னார். டி.என். என்ற எழுத்து அதற்குப் பிறகு எந்த வேகனிலும் தொங்கவில்லை.

ஏப்ரலில் சீசன் தொடங்கியபோது ஹார்லன் பலகையோடு வந்தார். தானே அறுத்து, தானே பெயிண்ட் அடித்தது. டெல்மர் அதைக் கையில் வாங்கிப் படித்தார். நன்றி என்றார். வேறு என்ன சொல்ல முடியும். காரும் இல்லை, ஓட்டுகிற ஆசையும் இல்லை. பலகையை நட்டுவிட்டு, நாள் முழுக்க வெயிலில் நின்று மற்றவர்களின் கோன்களை எடுத்து வைப்பார். மாலையில் ஒவ்வொரு காராக வாசலைத் தாண்டும்போது, பலகையைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த வருடம் செப்டம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு ஹார்லன் டிராவிஸை அழைத்திருந்தார். ஓட்டுநர்களுக்குக் காலையில் நடக்கும் கூட்டத்தில் பாதுகாப்பைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று. அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அறுபது பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு வட்டமாக நின்றார்கள். டெல்மர் பலகையை நட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார்.

டிராவிஸுக்கு மேடைப் பேச்சு வராது. காகிதத்தைப் பார்த்துப் படித்தான். அம்மா நல்லவள், எல்லோருக்கும் சமைத்துப் போட்டவள், ஆனால் இந்த இடத்தில் கற்றதை ரோட்டில் காட்டப் போய் உயிரை விட்டாள் என்று படித்தான். பிறகு காகிதத்தை மடித்தான்.

"எங்கம்மா மாதிரி இருக்காதீங்க. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஹார்லன் அடுத்த விஷயத்துக்குப் போகத் தொண்டையைச் செருமினார்.

"ரோண்டா வேகமா போகல," என்றார் டெல்மர்.

ஹார்லன் திரும்பிப் பார்த்து, பரவாயில்லை டெல்மர், அப்புறம் பேசலாம் என்றார்.

"அவ வேகமா போகல. பின்னாடி நாப்பத்தெட்டு இருந்துச்சு. எறக்கிட்டியான்னு கேட்டா. நீயும் அங்கதான் நின்ன ஹார்லன், எல்லாரும் நின்னீங்க. எறக்கியாச்சுன்னேன். எறக்கல."

அந்த அறுபது பேருக்கும் அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவில்லை. நாற்பத்தெட்டு என்றால் என்ன, ஈர வளைவு என்றால் என்ன என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கொட்டகையில் போய்க் காற்றை இறக்கியதையும் அவர் விடாமல் சொன்னார். ஹார்லன் தன் காலடியில் இருந்த ஃபிளாஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு வழி தெரியாமல், முதல் பிரிவுக்காரர்கள் கார்களுக்குப் போகலாம் என்றார். ஒருவரும் நகரவில்லை.

டெல்மர் வாசலுக்கு நடந்தார். டிராவிஸ் பின்னாலேயே வந்தான். பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் டெல்மர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். ஒரு வருடமாக அதைப் பையில் வைத்துக்கொண்டேதான் நடமாடினார். டிராவிஸ் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான்.

"இந்த டிக் அம்மா போட்டதா?"

"ஆமா."

"நீங்க சொன்னத நம்பி."

"ஆமா."

அவன் அந்த வரியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். அழுவான் என்று டெல்மர் நினைத்தார். அவன் அழவில்லை.

"ஒரு வருஷமா அம்மாவத் திட்டிட்டு இருக்கேன். கல்லறையில போய் நின்னு திட்டிருக்கேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

டெல்மர் தலையை ஆட்டினார்.

"கேஜ் எங்க இருந்துச்சு?"

"பெட்டியில. இருபதடி இருக்கும்."

"இருபதடி." அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் ஏன்யா எறக்கல?"

இந்தக் கேள்விக்காக டெல்மர் ஒரு வருடமாகப் பதில் சேர்த்து வைத்திருந்தார். மழை வருவதற்குள் அவள் போய்ச் சேரட்டும் என்று நினைத்தது, ஹார்லனின் கிண்டல், நேர் ரோடு, தன் வாழ்நாளின் நல்ல நேரம் எடுத்த அன்றைக்கு நாலு பேர் முன்னால் பெண்டாட்டி கேட்டதற்காக ஓடுவதா என்ற வீம்பு. எல்லாம் உண்மைதான். ஒவ்வொன்றாக நாக்கு வரைக்கும் வந்தன. ஆனால் அவர் கண் முன்னால் நின்றது வேறு ஒன்று, அதைத்தான் சொல்ல முடிந்தது.

"கையில காபி இருந்துச்சு, டிராவிஸ். கீழ வைக்க மனசு வரல."

டிராவிஸ் நோட்டைத் தன் சட்டைப் பையில் வைத்தான். இரண்டு கையாலும் பலகையைப் பிடுங்கி, மண்ணோடு தன் காரின் பின்னால் போட்டுக்கொண்டு, மெதுவாக ஓட்டிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அக்டோபர் கடைசியில், புல் மிகவும் வளர்ந்துவிட்டது, பத்து நாளில் வெட்டாவிட்டால் அபராதம் என்று நகர அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டெல்மர் கல்லறைக்குப் போனார். கல்லில் புதிதாக ஒரு படம் பதித்திருந்தது, அன்றைக்கு டிராவிஸ் வேண்டாம் என்ற அதே படம். ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தழும்பியின் மேல் சாய்ந்து ரோண்டா சிரிக்கிறாள். அசல் படத்தில் அவள் தோளில் டெல்மரின் கை இருக்கும். கல்லில் கை இல்லை, வெட்டி எடுத்துவிட்டுப் பதித்திருந்தார்கள். அது நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய்ப் புல்வெட்டியை வெளியே எடுத்தார்.